கோத்தகிரியில் ஒரு ஆர்எச்-200: நாலடி தண்ணீர் ராக்கெட்டைச் செய்து, விட்டு, திரும்ப எடுத்து வருவது

மலையில் ராக்கெட்டை மேலே அனுப்புவது பாதி வேலைகூட இல்லை, கீழே விழுந்ததைத் தேடி எடுப்பதுதான் வேலை. என்னுடைய முதல் ராக்கெட் கோத்தகிரிக்குக் கீழே ஒரு சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே எங்கோ இன்னும் கிடக்கிறது. பறந்தது ஆறு வினாடி, தேடியது இரண்டரை மணி நேரம், கடைசியில் கிடைத்தது காலில் நாலு அட்டை. அதனால் கீழே நான் சொல்வதில் முக்கால்வாசி 'இது திரும்பக் கிடைக்குமா' என்ற ஒரே கவலையிலிருந்து வந்தது. சமவெளியில், பெரிய மைதானம் வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று. இது தண்ணீரும் அழுத்தக் காற்றும் வைத்துப் பறக்கும் ராக்கெட். பட்டாசைப் பிரித்து மருந்து எடுப்பது, வீட்டில் எதையாவது கலந்து குழாயில் அடைப்பது, இதெல்லாம் விரல் போகிற வேலை, 1884-ஆம் வருட வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட. வெளிநாடுகளில் கடையில் விற்கும் சின்ன ராக்கெட் மோட்டாரும் வெடிபொருள்தான், நினைத்தபடி தபாலில் வரவழைக்க முடியாது. நீலகிரியில் வெடிமருந்து செய்வதற்கென்றே அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு தொழிற்சாலை இருக்கிறது, அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

சரி, எந்த ராக்கெட்டை மாதிரியாக எடுப்பது? எல்லோரும் பிஎஸ்எல்வியில் ஆரம்பித்து, பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஆறு மோட்டார்களைச் செய்ய முடியாமல் பாதியில் விட்டுவிடுவார்கள். நான் சொல்வது இஸ்ரோவின் ரோகிணி வகையைச் சேர்ந்த ஆர்எச்-200. திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் தும்பாவிலிருந்து இன்றும் பறக்கிறது, 2022 நவம்பர் 23 அன்று தொடர்ச்சியாக 200-ஆவது முறையாக வெற்றிகரமாகப் போனது. இரண்டு அடுக்கு, மொத்த நீளம் சுமார் மூன்றரை மீட்டர், கீழ் அடுக்கின் விட்டம் 200 மில்லிமீட்டர், பெயரில் இருக்கும் எண்ணே அதுதான். மேல் அடுக்கு ஒல்லி. ஒட்டுமொத்தமாக ஒரு தடிக்குழாய், ஒரு ஒல்லிக்குழாய், ஒரு கூம்பு, சில துடுப்புகள், அவ்வளவுதான். மேல் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று பார்க்கவே இந்த ராக்கெட்டை நிறைய முறை அனுப்பியிருக்கிறார்கள். நமக்கு இங்கே தலைவலியே காற்றுதான் என்பதால் பொருத்தமாகவும் இருக்கிறது.

அளவுக்கணக்கு பாட்டிலிலிருந்து தொடங்கும், ஏனென்றால் பாட்டிலின் அகலத்தை நம்மால் மாற்ற முடியாது. சோடா, கோலா வரும் 750 மில்லி பாட்டிலைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, நூலின் நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். என்னுடையதில் நூல் 22 சென்டிமீட்டர் வந்தது, அப்படியானால் விட்டம் 7. அசல் 20, நம்முடையது 7, ஆகவே எல்லா அளவையும் 2.86-ஆல் வகுக்க வேண்டும். மூன்றரை மீட்டர் இப்போது 122 சென்டிமீட்டர், அதாவது நாலடி. மற்ற அளவுகளுக்கு, ராக்கெட் பக்கவாட்டில் நேராகத் தெரியும் ஒரு படத்தை அச்செடுத்து, கீழ் அடுக்கின் அகலத்தை ஸ்கேலில் அளந்து, அதை 7 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு மீதியை விகிதத்தில் கண்டுபிடியுங்கள். மேல் அடுக்கு 4.3 சென்டிமீட்டர் அருகே வரும். கீழேயிருந்து சாய்வாக எடுத்த படத்தை எடுக்காதீர்கள், நான் எடுத்தேன், மேல் பாதி சூம்பிப்போன ராக்கெட் ஒன்று வீட்டில் பூச்சாடியாக நிற்கிறது.

இனி பாட்டில் கதை. நீலகிரியில் பெட் எனப்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி வாங்கி வைத்துக்கொள்வார்கள், அது சரியான விஷயமும்கூட. ஆனாலும் வியூ பாயிண்டுக்குக் கீழே சரிவில் எட்டிப் பார்த்தால் ஒரு ராக்கெட் தளத்துக்குத் தேவையான அத்தனையும் கிடக்கும். அதைப் பொறுக்கலாம், பொறுக்க வேண்டும், ஆனால் அழுத்தம் தாங்கும் பாட்டிலாக மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். வெயிலில் கிடந்த பெட் நொறுங்கும், கல்லில் உரசிய கீறலில்தான் முதலில் பிளக்கும். பொறுக்கியதை முனைக்கும் துடுப்புக்கும் வெட்டிக்கொள்ளுங்கள். அழுத்த பாட்டில் சேதமில்லாத ஒன்று போதும். நான் மலைக்குக் கீழே காரமடையில் என் மாமா பையன் வீட்டில் வைத்து ராக்கெட்டாகவே ஒட்டி முடித்துத்தான் மேலே கொண்டுவந்தேன். சாவடியில் நின்றவர் "தம்பி, என்ன இது?" என்று கேட்டார். பத்து நிமிஷம் விளக்கினேன். கடைசியில், "குப்பையில போட்டுறாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

இன்னொன்று, சோடா பாட்டில் மட்டும்தான். குடிதண்ணீர் பாட்டில் மெலிசு, அது வாயு அழுத்தத்துக்குச் செய்ததே இல்லை.

பாட்டில் ராக்கெட்டின் அடியில், வாய் கீழே பார்த்தபடி இருக்கும். அதற்கு மேலே கீழ் அடுக்கின் மீதி நீளம் வெறும் காகிதக் குழாய். சார்ட் பேப்பரைப் பாட்டிலின் மேலேயே இரண்டு சுற்று சுற்றி ஒட்டுங்கள், பாட்டிலே அச்சு. மேல் அடுக்குக்கு 40 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் பழுப்புத் தாளை நாலைந்து சுற்று சுற்றினால் சரியான தடிமன் வரும், பைப்பின் மேல் முதலில் ஒரு பட்டர் பேப்பர் சுற்றிக்கொண்டால் குழாய் ஒட்டிக்கொள்ளாமல் உருவிவிடலாம். இரண்டையும் இணைக்க ஒரு வெட்டிய கூம்பு.

இங்கே சமவெளிக்காரர்கள் சொல்லாத ஒன்று. மூடுபனி நாட்களில் ஃபெவிகால் காயவே காயாது. ராத்திரி ஒட்டியது காலையில் வளைந்து வாழைப்பழம் மாதிரி நிற்கும். ஒட்டியதும் குழாயைப் பைப்போடு சேர்த்தே அடுப்படியில், நெருப்புக்குத் தள்ளி, ஒரு ராத்திரி நிற்கவிடுங்கள். காய்ந்த பிறகு உள்ளேயும் வெளியேயும் ஒரு கை வார்னிஷ். உள்பக்கம் அடிக்காமல் விட்டால் ஈரம் அங்கேதான் ஏறும்.

பாட்டில் மேல் சூடான க்ளூ கன் வைக்கக் கூடாது, சூட்டில் பெட் இளகி அந்த இடம் பலவீனமாகும். சூப்பர் க்ளூவும் வேண்டாம், அது பெட்டை மொறமொறப்பாக்கிவிடும். நல்ல டேப் போதும். துடுப்புகளைப் பாட்டிலில் ஒட்டாமல், பாட்டிலைச் சுற்றிய காகித உறையில் ஒட்டினால் பாட்டில் பழசானதும் உறையை உருவி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம். பாட்டில் கிடைப்பதே கஷ்டம் என்கிற ஊரில் இது பெரிய சௌகரியம்.

துடுப்பு எத்தனை பெரிசு? இங்கேதான் அளவு மாதிரிக்கும் பறக்கும் மாதிரிக்கும் சண்டை. அசல் ராக்கெட்டில் மேல் அடுக்குக்கும் துடுப்பு உண்டு. பார்க்க அழகு, ஆனால் முன்பக்கம் இருக்கும் துடுப்பு காற்று பிடிக்கும் மையத்தை முன்னால் இழுத்துவிடும், அப்புறம் ராக்கெட் கிளம்பி இரண்டாவது வினாடியில் குட்டிக்கரணம் போடும். நான் மேல் துடுப்புகளைச் சரியான அளவில் வைத்து, அடித்துடுப்புகளை ஒன்றரை மடங்கு பெரிசாக்கினேன். அளவு சுத்தம் பார்ப்பவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. அடித்துடுப்பைப் பெரிசாக்க மனசு வராதவர்கள் முனையில் களிமண் எடை கூட்ட வேண்டும், ஆனால் அந்த எடை உயரத்தைக் குறைக்கும்.

போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. ராக்கெட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் உருவத்தைச் சின்னதாக ஒரு அட்டையில் வரைந்து வெட்டி, அதை ஸ்கேல் விளிம்பில் நிறுத்துங்கள். சாயாமல் நிற்கும் இடம் காற்று மையம். அப்புறம் நிஜ ராக்கெட்டை, தண்ணீர் இல்லாமல், பாராசூட் எல்லாம் உள்ளே வைத்து விரலில் நிறுத்துங்கள், அது எடை மையம். எடை மையம் காற்று மையத்தைவிடக் குறைந்தது ஒரு உடல் அகலம், நமக்கு 7 சென்டிமீட்டர், முனைப்பக்கம் இருக்க வேண்டும். அட்டை முறை கொஞ்சம் பயந்த கணக்குத்தான் சொல்லும், அதில் தேறினால் வானத்திலும் தேறும். சந்தேகமிருந்தால் எடை மையத்தில் இரண்டு மீட்டர் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுற்றுங்கள். முனை முன்னால் போனால் சரி, குறுக்கே திரும்பினால் களிமண் சேருங்கள். நாலடி ராக்கெட்டை முற்றத்தில் சுற்றுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

முனையைக் கூராக்காதீர்கள். உச்சியில் பாதி பந்து அளவுக்கு மழுங்கலாக, மெத்தை ஸ்பாஞ்ச் வைத்து, மேலே காகிதக் கூம்பு. கூம்பு மேல் குழாயில் இறுக்கமில்லாமல் உட்கார வேண்டும், கவிழ்த்தால் தானே விழுகிற அளவுக்கு. ராக்கெட் உச்சிக்குப் போய்த் தலைகீழாகத் திரும்பும்போது கூம்பு நழுவி, பின்னாலேயே பாராசூட்டை இழுத்துக்கொண்டு வரும். கூம்பையும் குழாயையும் ஒரு கயிற்றால் கட்டிவைக்க மறந்தால் கூம்பு தனியாகப் போய்விடும். நாலு தடவையில் ஒரு தடவை இது வேலை செய்யாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாவி கொடுக்கும் பொம்மையின் உள்ளே இருக்கும் சக்கரத்தை எடுத்து நேரம் வைத்துத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பாராசூட்டுக்கு கேரி பேக் தேடாதீர்கள், அதுவும் தடைதான். உடைந்த குடை. மலையில் எந்த வீட்டுப் பரணிலும் இரண்டு மூன்று இருக்கும், துணி மெலிசு, நனைந்தாலும் உதறினால் காயும். 45 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, ஓரத்தில் எட்டு நூல், நடுவில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை. ஓட்டை இல்லாவிட்டால் பாராசூட் ஊஞ்சல் ஆடும். என் ராக்கெட் மொத்தம் 150 கிராம் சுமார், அதற்கு இந்த அளவு சரி. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், காற்று மெலிசு, அதே பாராசூட் சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு வேகமாக இறங்கும். அதற்காகப் பெரிசாக்கினால் காற்று அடித்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் போய்விடும். நான் வேகமாக இறங்குவதையே தேர்ந்தெடுப்பேன், ஒடிந்த துடுப்பை மாற்றிக்கொள்ளலாம்.

ஏவுதளம். ஹார்ட்வேர் கடைக்குப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய், பாட்டில் வாய்க்குள் வழுக்கிக்கொண்டு போகும் அரை இஞ்ச் பிவிசி பைப்பை, கனம் கூடிய ரகத்தில், வாங்குங்கள். எல்லா கம்பெனி அரை இஞ்சும் ஒரே அளவில்லை, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பைப்பில் 20 சென்டிமீட்டர் பாட்டிலுக்குள் போக வேண்டும், கிளம்பும்போது அந்த நீளம்தான் நாலடி ராக்கெட்டை நேராகப் பிடிக்கும். பாட்டில் வாய் வந்து உட்காரும் இடத்தில் பைப்பைச் சுற்றி அரத்தால் மெலிதாகப் பள்ளம் எடுத்து ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், மாட்டுங்கள், கொஞ்சம் கிரீஸ். காற்று கசிவதை அதுதான் அடைக்கும்.

பிடித்துவைக்க கேபிள் டை. பாட்டில் வாய்க்குக் கீழே ஒரு விளிம்பு இருக்கும் அல்லவா, எட்டுப் பத்து கேபிள் டைகளை பைப்பைச் சுற்றி நட்டமாக நிறுத்தி, அவற்றின் தலைகள் அந்த விளிம்பை மேலேயிருந்து கவ்வும் உயரத்தில் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். அந்தத் தலைகளை வெளியிலிருந்து அணைக்கும்படி ஒரு பெரிய பைப் துண்டு, அதில் எதிரெதிரே இரண்டு ஓட்டை, அதில் கயிறு. துண்டு மேலே இருக்கும்வரை பாட்டில் நகராது. கயிற்றை இழுத்துத் துண்டு கீழே வந்ததும் டைகள் விரியும், ராக்கெட் போய்விடும். கயிறு எட்டு மீட்டராவது இருக்கட்டும்.

பைப்பின் அடிமுனையில் ஹோஸ் நிப்பிள், அதிலிருந்து ஐந்து மீட்டர் கம்ப்ரஸர் ஹோஸ், மறுமுனையில் டியூப்லெஸ் டயர் வால்வு. இதைப் பஞ்சர் கடை அண்ணனிடம் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் செய்து கொடுத்துவிடுவார், நீங்களே செய்தால் கசியும். அப்புறம் கேஜ் உள்ள சைக்கிள் பம்ப். கேஜ் இல்லாத பம்ப்பில் இந்த விளையாட்டை விளையாடவே கூடாது. எல்லாவற்றையும் ஒரு பலகையில் அடித்து, பலகையைத் தரையில் முளை அடித்து நிறுத்துங்கள்.

பறக்கவிடும் முன் ஒரு சோதனை. பாட்டிலைக் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, தளத்தில் மாட்டி, தள்ளி நின்று, கேஜ் காட்டும் அழுத்தத்தை 70 பிஎஸ்ஐ வரை ஏற்றி ஐந்து நிமிஷம் விடுங்கள். முழுக்கத் தண்ணீராக இருந்தால் பிளந்தாலும் வெறும் சத்தத்தோடு ஒழுகிவிடும், காற்று நிறைந்த பாட்டில்தான் குண்டு மாதிரி வெடிக்கும். தாங்கினால் பறக்கும்போது 50 பிஎஸ்ஐ, எந்த ஆசை வந்தாலும் 60-க்கு மேல் போகாதீர்கள். மடிந்து வெள்ளைக் கோடு விழுந்த பாட்டிலுக்கு அன்றோடு ஓய்வு. எதுவும் தெரியாவிட்டாலும் பதினைந்து ஏவலுக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை.

தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, 750 மில்லிக்கு 250. சக்தியைச் சேர்த்துவைப்பது காற்று, உதைத்துத் தள்ளுவது தண்ணீர். தண்ணீரே இல்லாவிட்டால் உஸ்ஸென்று முடியும், அதிகமானால் காற்றுக்கு இடமில்லாமல் சுமையாகிவிடும். மலையில் அழுத்தம் மாறுமே என்று கேட்பவர்களுக்கு: சிப்ஸ் பாக்கெட் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும்போது உப்பிக்கொள்வது நிஜம்தான், ஆனால் பம்ப் கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை, தள்ளுவதும் அதே வித்தியாசம்தான். 50 என்றால் இங்கேயும் 50. காற்று மெலிசாக இருப்பதால் இழுவை கொஞ்சம் குறையும், அது நமக்கு லாபம்.

இடம். நீலகிரியில் சமதரை என்பதே கடவுள் கொடுத்தால் உண்டு. விளையாட்டு மைதானம் ஒன்றை, விளையாட்டு இல்லாத நேரத்தில், கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஐம்பது மீட்டராவது வேண்டும், கரண்ட் கம்பி வேண்டாம், ரோடு வேண்டாம், இலை பறிக்கும் ஆட்கள் நிற்கும் தோட்டத்தின் பக்கம் வேண்டாம். காப்புக்காடு, சோலை, புல்வெளிப் பக்கம் கால் வைக்கவே வேண்டாம். வெலிங்டன், அருவங்காடு பக்கம் ராணுவ இடங்கள், அங்கே குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பதுகூட நல்ல யோசனை இல்லை.

நேரம் காலை எட்டிலிருந்து பத்து. வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து காற்று மேலே கிளம்பும், மதியத்துக்கு மேல் மூடுபனி. அதிகாலையிலேயே போகலாமே என்றால், கோத்தகிரியில் அந்த நேரம் கரடிக்கும் காட்டெருமைக்கும் உரியது, குறிப்பாக ராக்கெட் தேடித் தேயிலைக்குள் குனிகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாதம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை எங்கள் பக்கம் அவ்வளவு கடுமையில்லை, தொட்டபெட்டா மறைத்துக்கொள்கிறது. எங்களைப் பிடிப்பது ஐப்பசி, கார்த்திகை மழை.

ஏவும்போது ஒரு ஆள் பம்ப், ஒரு ஆள் கயிறு, ஒரு ஆள் தேடுதல். மூன்றாவது ஆள்தான் முக்கியம், அவர் ராக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது, கைதட்டக்கூடக் கூடாது. விழுந்த திசையில் தூரத்தில் தெரியும் ஒரு சில்வர் ஓக் மரத்தைக் குறித்துக்கொண்டு அந்தக் கோட்டிலேயே நேராக நடக்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் பத்து மீட்டர் தள்ளி, பம்ப் ஆளுக்குக் கண்ணாடி. அழுத்தம் ஏறிய ராக்கெட் கிளம்பாமல் மாட்டிக்கொண்டால் கிட்டே போய்த் தட்டிப் பார்க்காதீர்கள், வால்வு முனையில் காற்றை இறக்கிவிட்டு அப்புறம் போங்கள். துடுப்புகளின் ஓரத்தில் ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிடுங்கள். பச்சைக்குள் வெள்ளை தெரியும் என்று நினைத்தேன், வெயிலில் மினுங்கும் தேயிலை இலைக்குள் வெள்ளை தெரியாது.

உயரம் அளக்க ஆசைப்படுவீர்கள். தளத்திலிருந்து அதே மட்டத்தில் 30 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் நூலும் ஒரு நட்டும் கட்டி, அதன் நேர்விளிம்பு வழியாக உச்சியைப் பாருங்கள். கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரி என்றால் 30 மீட்டர், கூடவே உங்கள் கண் உயரம். 40 டிகிரி என்றால் 25. என்னுடையது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வருகிறது. சரிவில் கீழே நின்று அளந்து நூறு மீட்டர் என்று சொன்ன ஒரு நண்பர் உண்டு, அவர் நண்பராகவே இருக்கட்டும்.

முடித்துக் கிளம்பும்போது எண்ணுங்கள்: ராக்கெட், கூம்பு, பாராசூட், அறுந்த கேபிள் டைகள், ஸ்பாஞ்ச் துண்டு. வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கவிழ்த்து, காகித உறையை உருவி, இரண்டையும் தனித்தனியாகக் காயவையுங்கள். சேர்த்து வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உறைக்குள் பூஞ்சை பிடித்திருக்கும்.